முன்னே நிற்கும் எண்

எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருந்தால், இன்று மாலை ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் (அ + ஆ)² என்று எழுதிக் கொடுத்து, இதை விரித்து எழுது என்று சொல்லுங்கள். பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை அ² + 2அஆ + ஆ² என்று மூச்சு விடாமல் எழுதிவிடும். அவசரக்காரப் பிள்ளை அ² + ஆ² என்று எழுதிவிட்டு விளையாட ஓடிவிடும். இரண்டாவது பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். முதல் பிள்ளையை அழைத்து இன்னொரு கேள்வி கேளுங்கள்: “நடுவில் இருக்கிறதே, அந்த 2 எங்கிருந்து வந்தது?”

“சூத்திரம் அப்படித்தான்” என்பதே பெரும்பாலும் வரும் பதிலாக இருக்கும். அப்படியானால் சரியாக எழுதிய பிள்ளைக்கும் தவறாக எழுதிய பிள்ளைக்கும் நினைவாற்றலில்தான் வேற்றுமை. கணக்கு இருவருக்கும் ஒரே அளவில்தான் தெரிந்திருக்கிறது. இந்தப் பிள்ளையே மேல்நிலை வகுப்புக்குச் சென்று ஈருறுப்புத் தேற்றம் என்ற பாடத்தைத் திறக்கும்போது, ஒரு 2-க்குப் பதிலாக 4, 6, 10, 20 என்று எண்கள் அணிவகுத்து நிற்கும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாமல், கணக்கே வேண்டாம் என்று பாடப்பிரிவை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளை நாம் காணாமலில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த முடிவை வீட்டிலுள்ளோரே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

ஓர் உறுப்புக்கு முன்னே நிற்கும் அந்த எண்ணுக்குக் கெழு என்று பெயர். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இம்மாதம் நாம் பார்க்கப்போவது. “எனக்குக் கணக்கே வராது” என்று ஒதுங்கும் தாய்மார்களும் தொடர்ந்து படிக்கலாம். விரலை விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில், அந்த 2-ஐ விட்டுவிட்டால் நட்டம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். கோவையின் புறநகரில் நீங்கள் ஒரு சதுரமான மனை வாங்குகிறீர்கள். பக்கம் 103 அடி. அதை 100 + 3 என்று பிரித்துக்கொள்ளுங்கள். 100 அடிச் சதுரம் ஒன்று: 10,000 சதுர அடி. அதன் கிழக்கே 3 அடி அகலத்தில் நீளமான ஒரு துண்டு: 300 சதுர அடி. வடக்கே அதே போல இன்னொரு துண்டு: 300 சதுர அடி. இரு துண்டுகளும் சந்திக்கும் மூலையில் மூன்றுக்கு மூன்று: 9 சதுர அடி. ஆக மொத்தம் 10,609. அவசரக்காரப் பிள்ளையின் கணக்கிலோ 10,009தான் வரும். மூலையிலுள்ள 9 சதுர அடியைக் கவனமாகச் சேர்த்துக்கொண்டு, 600 சதுர அடியைக் கோட்டைவிட்டுவிட்டது பிள்ளை. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கிட்டத்தட்ட ஒன்றரை சென்ட் நிலம் ஒரு 2-ஐ விட்டதில் போயிற்று! கோவையில் ஒரு சென்ட் என்ன விலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. அந்த 2 அவ்வளவுதான். ஒரே அளவுள்ள துண்டுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறது அது.

இந்த மனைப்படம் புதிதன்று. ஏறத்தாழ கி.பி. 820-ஆம் ஆண்டளவில் பக்தாதில் அல்குவாரிஸ்மீ எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்ற சொல்தான் உலகெங்கும் இக்கணிதத்துக்குப் பெயராயிற்று. அந்நூலில் ஒரு கணக்கு வருகிறது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது? அவர் ஒரு சதுரம் வரைகிறார். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலமுள்ள இரு துண்டுகளாக இரு பக்கங்களிலும் ஒட்டுகிறார். மூலை வெறுமையாக நிற்கிறது. அதை நிரப்ப ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 வேண்டும். 39-உடன் 25 சேர்ந்து 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் எண் 3. படத்தை வரையத் தெரிந்தவனுக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை.

இதே போல மூன்றாம் படிக்கும் படம் உண்டு. எல்லாப் பக்கமும் சமமாக உள்ள ஒரு சோப்புக் கட்டியை எடுத்து, நீளவாக்கில் ஒரு வெட்டு, அகலவாக்கில் ஒரு வெட்டு, உயரவாக்கில் ஒரு வெட்டு போடுங்கள். மூன்று வெட்டுகளும் ஓரத்திலிருந்து ஒரே தொலைவில் இருக்கட்டும். எட்டுத் துண்டுகள் கிடைக்கும். பெரிய கட்டி ஒன்று, பலகை போன்றவை மூன்று, குச்சி போன்றவை மூன்று, சின்னஞ்சிறு கட்டி ஒன்று. 1, 3, 3, 1. ஆகவே (அ + ஆ)³ என்பது அ³ + 3அ²ஆ + 3அஆ² + ஆ³.

நான்காம் படிக்கு என்ன செய்வது? நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு நம் கண் நின்றுவிடுகிறது. நான்காவது திசையில் வெட்ட எந்தக் கத்தியும் இல்லை. இங்கேதான் படம் கைவிடுகிறது, எண்ணிக்கை கைகொடுக்கிறது.

காவிரியும் பவானியும் கூடுகிற பவானி நகரின் ஜமக்காளத்தை அறியாத கொங்கு நாட்டு வீடு உண்டோ? நிக்காஹ் மஜ்லிஸ் ஆனாலும், ஊர்க் கூட்டமானாலும், முதலில் விரிக்கப்படுவது அதுதான். தடித்த நூலில், பட்டை பட்டையாக நிறம் மாற்றிக் கைத்தறியில் நெய்வார்கள். 2005-06-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு நெசவாளரிடம் சிவப்பு, பச்சை என்று இரண்டே நிறங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பட்டைகள் நெய்ய வேண்டும். முதல் பட்டைக்குச் சிவப்போ பச்சையோ, இரண்டாவதற்குச் சிவப்போ பச்சையோ, இப்படி நான்கு முறையும் அவர் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

(அ + ஆ)(அ + ஆ)(அ + ஆ)(அ + ஆ) என்ற பெருக்கலும் இதையேதான் செய்கிறது. ஒவ்வோர் அடைப்புக்குள்ளிருந்தும் அ-வையோ ஆ-வையோ ஒன்றை மட்டும் எடுத்துப் பெருக்குகிறோம். எடுக்கக்கூடிய எல்லா வழிகளிலும் எடுத்து, வந்தவற்றைக் கூட்டுகிறோம். அ என்பது சிவப்பு, ஆ என்பது பச்சை. அ²ஆ² என்ற உறுப்பு எத்தனை முறை வரும்? இரண்டு பட்டை சிவப்பும் இரண்டு பட்டை பச்சையுமாக எத்தனை விதமாக நெய்யலாமோ அத்தனை முறை. எண்ணிப் பாருங்கள்: சிசிபப, சிபசிப, சிபபசி, பசிசிப, பசிபசி, பபசிசி. ஆறு. எனவே அ²ஆ²-இன் கெழு 6. ஒரே ஒரு பட்டை மட்டும் பச்சையென்றால், அது முதலாவதோ, இரண்டாவதோ, மூன்றாவதோ, நான்காவதோ: எனவே 4. எல்லாம் சிவப்பென்றால் ஒரே வழிதான்.

கெழு என்பது வழிகளின் எண்ணிக்கை. சூத்திரத்திலுள்ள எண்களெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவைதாம்.

நான்கு பட்டையோடு நில்லாமல் நாற்பது பட்டை என்றால் ஒவ்வொன்றாக எழுதி எண்ண முடியாது. அதற்கும் நெசவாளரிடமே விடை இருக்கிறது. நான்கு பட்டையில் இரண்டு பச்சை வரும் வழிகளை, கடைசிப் பட்டையைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். கடைசிப் பட்டை சிவப்பானால், முந்தைய மூன்று பட்டைகளில் இரண்டு பச்சை வந்திருக்க வேண்டும்: அதற்கு 3 வழி. கடைசிப் பட்டை பச்சையானால், முந்தைய மூன்றில் ஒரு பச்சை: அதற்கும் 3 வழி. மூன்றும் மூன்றும் ஆறு. ஆகவே எந்தக் கெழுவும் அதற்கு மேல் வரிசையில் அருகருகே நிற்கும் இரு கெழுக்களின் கூட்டுத்தொகை. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கோபுரம் எழுகிறது:

1
1 1
1 2 1
1 3 3 1
1 4 6 4 1
1 5 10 10 5 1
1 6 15 20 15 6 1

பிள்ளையிடம் 11 × 11, அதை மீண்டும் 11-ஆல், மீண்டும் 11-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 121, 1331, 14641 என்று கோபுரத்தின் வரிசைகள் அப்படியே வந்து நிற்கும். பதினொன்று என்பது 10 + 1 என்ற ஈருறுப்புத்தானே! அடுத்த பெருக்கலில் 161051 வரும். இம்முறை வரிசை ஏன் கலைந்தது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

ஒன்று விட்டு ஒன்றாக வரும் வரிசைகளின் நடுவில் நிற்கும் எண்களைக் கவனியுங்கள்: 1, 2, 6, 20. பவானிக்கு அண்டையிலுள்ள ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று பிறந்த இராமானுஜன், 1914-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த நடு எண்களைக் கொண்டே வட்டத்தின் ‘பை’ மதிப்பைப் பிடித்துக் காட்டினார். நடு எண்களை மும்மடியாக்குங்கள்: 1, 8, 216. அவற்றை முறையே 5, 47, 89 ஆகியவற்றால் பெருக்குங்கள். இவை 42, 42-ஆகக் கூடிச் செல்பவை. பிறகு முறையே 16, 65,536, 26,84,35,456 ஆகியவற்றால் வகுங்கள். இவை ஒவ்வொரு படிக்கும் 4,096 மடங்கு பெருகுபவை. மூன்றையும் கூட்டி, வந்ததைக் கொண்டு 1-ஐ வகுத்தால் 3.1416 கிடைக்கும். இன்னும் உறுப்புகளைச் சேர்க்கச் சேர்க்க, பையின் மதிப்பை நெருங்கிக்கொண்டே போகலாம். வட்டத்துக்கும் ஜமக்காளப் பட்டைகளுக்கும் என்ன உறவு என்று கேட்டால், அதைச் சொல்ல இந்தப் பக்கம் போதாது. ஈரோட்டில் பிறந்தாலும் அவர் வளர்ந்து படித்தது கும்பகோணத்தில் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கோபுரத்தை முதலில் அடுக்கியவர் யார்? நம் பிள்ளைகளின் பாடநூலில் ‘பாஸ்கலின் முக்கோணம்’ என்று இருக்கும். பாஸ்கல் பிரெஞ்சு நாட்டவர். இதைப் பற்றி 1654-இல் அவர் எழுதிய நூல், அவர் மறைந்த பிறகு 1665-இல் அச்சாயிற்று. அதற்கு ஏறத்தாழ அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பக்தாதில் ஒருவர் இதை அட்டவணையிட்டிருந்தார். அவர் பெயர் அல்கரஜீ.

அல்குவாரிஸ்மீ சதுரம் வரைந்து கணக்குப் போட்டார் என்று கண்டோம். அல்கரஜீ அந்தப் படங்களின் துணையை விட்டு வெளியேறியவர். வர்க்கம், கனம் என்பதோடு நில்லாமல் நான்காம் படி, ஐந்தாம் படி, அதற்கும் மேல் என்று எண்களைப் போலவே கூட்டவும் பெருக்கவும் முனைந்தார். மேலே நான்காம் படியில் கத்தி நின்றுவிட்டது என்றோமே, அந்த இடத்தைத் தாண்டியவர் அவர். வஸீர் ஃபக்ருல் முல்க் என்பவருக்குக் காணிக்கையாக்கி ‘அல்ஃபக்ரீ’ என்ற இயற்கணித நூலை எழுதினார். இன்னொரு செய்தியும் கொங்கு நாட்டு வாசகர்களுக்குப் பிடிக்கும். பிற்காலத்தில் பக்தாதை விட்டு மலை நாட்டுப் பகுதிக்குச் சென்ற இவர், பூமிக்கடியில் மறைந்திருக்கும் நீரைக் கண்டறிவது எப்படி, நிலத்தடி வாய்க்கால் தோண்டி அதை வெளிக்கொணர்வது எப்படி என்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் காற்று மட்டுமே வருகிற நம் பல்லடம், அவிநாசி வட்டாரங்களில் அந்நூலுக்கு நல்ல மதிப்பு இருந்திருக்கும்!

கெழுக்களைப் பற்றி அல்கரஜீ எழுதிய பகுதி நேரடியாக நம் கைக்கு வரவில்லை. அது தப்பிப் பிழைத்த கதை, அட்டவணையைவிட எனக்கு அதிகம் பிடித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே பக்தாதில் ஸமவ்அல் என்ற இளைஞர் தோன்றினார். கற்றறிந்த யூதக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் 1163-இல் இஸ்லாத்தைத் தழுவியவர், மருத்துவரும்கூட. தம் பத்தொன்பதாம் வயதில் ‘அல்பாஹிர்’ என்ற நூலை அவர் எழுதினார். அதில் பன்னிரண்டாம் படி வரையில் கெழுக்களின் அட்டவணை இருக்கிறது. பன்னிரண்டாம் வரிசை 1, 12, 66, 220, 495, 792, 924 என்று ஏறி, அதே எண்களாக இறங்குகிறது. அத்தனையும் கூட்டினால் 4,096. பன்னிரண்டு பட்டை ஜமக்காளத்தை இரு நிறங்களில் 4,096 விதமாக நெய்யலாம் என்பதுதான் அது.

இந்த அட்டவணையைத் தாம் கண்டதாக ஸமவ்அல் எழுதவில்லை. இது அல்கரஜீயுடையது என்று எழுதிவைத்தார். பத்தொன்பது வயது! புகழுக்கு ஆசைப்படும் வயது. அவர் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்பாரில்லை. மூல நூலும் பின்னர் மறைந்து போயிற்று. அந்த ஒரு வரியால்தான் அல்கரஜீயின் பெயர் இன்று கணித வரலாற்றில் நிற்கிறது. கவிஞராக நாம் அறிந்த உமர் கய்யாமும், எத்தகைய உயர்படிக்கும் மூலம் காணும் முறை பற்றித் தாம் எழுதியிருப்பதாகத் தம் இயற்கணித நூலில் சொல்கிறார். அவர் குறிப்பிட்ட நூல் கிடைக்கவில்லை. ஸமர்கந்தில் அல்காஷீ 1427-இல் முடித்த ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ நூலில் ஐந்தாம் படி மூலம் காண இதே எண்கள் பயன்படுகின்றன.

இதைப் படித்ததும், “பார்த்தீர்களா, எல்லாம் நம்மவர்கள் கண்டுபிடித்தது, மேனாட்டார் திருடிக்கொண்டார்கள்” என்று மேடையேறிப் பேசத் தோன்றலாம். அத்தகைய பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. சீனாவில் பதினோராம் நூற்றாண்டில் ஜியா ஷியான் இதே கோபுரத்தை அடுக்கினார்; 1261-இல் யாங் ஹுய் தம் நூலில் அதைப் பதிவு செய்தபோது, ஜியா ஷியானின் பெயரை மறக்காமல் குறித்தார். நம் நாட்டில் பிங்கலரின் வடமொழி யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், இதை ‘மேரு’ என்ற மலையின் பெயரால் விளக்கினார். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர், பதினாறு நறுமணப் பொருள்களிலிருந்து நான்கு நான்காக எடுத்துக் கலந்தால் 1,820 கலவைகள் வரும் என்று சரியாகவே கணக்கிட்டிருக்கிறார். (அத்தர் வியாபாரிகள் கவனிக்க!) பாஸ்கலின் பங்கும் சிறிதன்று. ஒரு வரிசையில் உண்மையானால் அடுத்த வரிசையிலும் உண்மை என்று படிப்படியாக நிறுவிக் காட்டும் முறையை அவர் அத்தனை தெளிவாகக் கையாண்டார். ஈரானில் இதற்குக் கய்யாமின் முக்கோணம் என்றும், சீனாவில் யாங் ஹுய் முக்கோணம் என்றும், இத்தாலியில் தார்த்தாலியாவின் முக்கோணம் என்றும் பெயர். அவரவர் வீட்டில் அவரவர் வைத்த பெயர். ஆனால், பிள்ளைக்கு ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்து, கணக்கு என்பது கடல் கடந்து வந்த சரக்கு என்று நினைக்க விடுவதும் சரியில்லை.

கடல் கடக்கவே வேண்டாம். ஹலாயுதர் செய்யுளிலிருந்துதானே இதற்கு வந்தார்? நம் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைத் திறவுங்கள். அதுவும் செய்யுள்தானே கற்பிக்கிறது. அசை இரண்டே வகை: நேர், நிரை. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற நான்கு சீர்கள். தேமா என்பது நேர்நேர். புளிமா என்பது நிரைநேர், கூவிளம் என்பது நேர்நிரை. கருவிளம் என்பது நிரைநிரை. நிரையே இல்லாதது ஒன்று, ஒரு நிரை உள்ளவை இரண்டு, இரு நிரை உள்ளது ஒன்று. 1, 2, 1! நேர் என்பதை அ என்றும் நிரை என்பதை ஆ என்றும் வைத்தால், (அ + ஆ)² அப்படியே கண்முன் நிற்கிறது. அந்த 2 எது என்றால் புளிமாவும் கூவிளமும்தான்.

மூவசைச் சீருக்கு வாருங்கள். காய்ச்சீர் நான்கு, கனிச்சீர் நான்கு, ஆக எட்டு. இவற்றை நிரைகளின் எண்ணிக்கைப்படி பிரித்து அடுக்குங்கள். நிரையே இல்லாதது தேமாங்காய். ஒரு நிரை உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. இரு நிரை உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றும் நிரையானது கருவிளங்கனி. 1, 3, 3, 1. சோப்புக் கட்டியை வெட்டியபோது வந்த அதே எண்கள். நாலசைச் சீர்கள் பதினாறு என்று இலக்கணம் சொல்லும். அவற்றையும் இப்படிப் பிரித்தால் 1, 4, 6, 4, 1 வந்தே தீரும்.

நம் இலக்கண ஆசிரியர்கள் முக்கோணம் வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சீர்களுக்குப் பெயர் வைத்தார்கள். எந்த ஒரு சேர்க்கையையும் விட்டுவிடாமல், எதையும் இருமுறை சொல்லாமல் பெயர் வைத்தார்கள். எண்ணும் கலையில் பாதி அதுதான். சீறாப்புராணத்தின் ஒரு விருத்தத்தை அசை பிரித்துச் சீர் எழுதும் பிள்ளை, தனக்குத் தெரியாமலேயே ஈருறுப்பு விரிவின் உறுப்புகளைத்தான் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழாசிரியரும் கணக்காசிரியரும் ஒரு நாள் ஒரே வகுப்பில் நின்று இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதே பதினாறு, செய்யுளை விட்டு வீட்டுக்குள்ளும் வருகிறது. இனிச் சொல்லப்போவது குடும்பப் பத்திரிகையில் சொல்லியே ஆக வேண்டிய கணக்கு.

நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம். ஒவ்வொரு பிறப்பிலும் ஆணோ பெண்ணோ. நெசவாளரின் நான்கு பட்டைகளேதான். பிறந்த வரிசைப்படி மொத்தம் 16 விதங்கள். நான்கும் ஆண்: 1. ஒரு பெண்: 4. இரு பெண்: 6. மூன்று பெண்: 4. நான்கும் பெண்: 1. “ஆண் இரண்டு, பெண் இரண்டு என்று அளவாகக் கொடுத்திருக்கிறான்” என்று சில வீடுகளைப் பார்த்து மகிழ்கிறோம். அத்தகைய வீடுகள் பதினாறில் ஆறுதான். மூன்றும் ஒன்றுமாக அமையும் வீடுகள், 4 + 4, எட்டு. சமமாக அமைவதைவிடச் சமமில்லாமல் மூன்றுக்கு ஒன்றாக அமைவதே அதிகம்.

உண்மையில் ஆண் பிறப்பு சற்றுக் கூடுதல். இயல்பாக நூறு பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ நூற்றைந்து ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதைக் கணக்கில் கொண்டாலும் கோபுரத்தின் வடிவம் பெரிதாக மாறிவிடாது.

மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 3, 1. எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் மூன்றும் பெண்ணாகவே இருக்கும். இத்தகைய எண்ணூறு வீடுகள் கொண்ட பெரிய மஹல்லாவில் ஏறத்தாழ நூறு வீடுகளில் பெண் மக்கள் மட்டுமே இருப்பார்கள். யாரும் எந்தக் குற்றமும் செய்யாமல், எந்தக் குறையும் இல்லாமல், வெறும் எண்ணிக்கையால் அமைவது இது. ஆனால் அந்த நூறு வீடுகளிலும் அந்தத் தாய் என்னென்ன சொற்களைக் கேட்டிருப்பாள்! மாமியார் சொல்லாவிட்டால் நாத்தனார். அவர்கள் சொல்லாவிட்டால் திருமண வீட்டில் பக்கத்தில் அமர்ந்த யாரோ ஒருவர். “மூன்றும் பெண்ணா?” என்று கேட்கும் அந்தக் குரலே போதும். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் என்ற இரண்டில் ஒய் தந்தையிடமிருந்தே வர முடியும் என்பதை அறிவியல் நிறுவி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. தாயிடம் கொடுப்பதற்கு எக்ஸ் மட்டுமே இருக்கிறது. எனவே குற்றம் சாட்டியே தீர வேண்டுமென்றால்கூட, முகவரி மாறிப் போயிருக்கிறது.

“மூன்று பெண் பிறந்துவிட்டது, அடுத்தது ஆணாகத்தான் இருக்கும்” என்ற நம்பிக்கையையும் எண்ணிப் பார்த்துவிடுவோம். பதினாறு விதங்களில் முதல் மூன்றும் பெண்ணாக வருபவை இரண்டே: பெண்பெண்பெண்ஆண், பெண்பெண்பெண்பெண். ஒன்றுக்கு ஒன்று. நான்காவது பட்டைக்கு முந்தைய மூன்று பட்டைகளின் நிறம் தெரியாது. மூன்று பெண்ணுக்குப் பிறகு ஆணுக்கு ‘முறை’ வந்துவிட்டது என்பது இல்லை; பெண்தான் வரும் என்பதும் இல்லை.

இந்தக் கணக்கு தெரியாததால் உயிர்கள் போயிருக்கின்றன என்று சொன்னால் மிகையென்று எண்ணாதீர்கள். கொங்கு மண்டலத்தோடு ஒட்டிய சேலம் மாவட்டத்தில்தான் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்க நேர்ந்தது. பெற்றோர் வேண்டாமென்று எண்ணிய பெண் சிசுக்களைக் கொல்லாமல், அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசு கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. முதல் பெண்ணை மகிழ்ந்து வரவேற்றவர்களே இரண்டாவதும் மூன்றாவதும் பெண்ணாகும்போது அதை ஏதோ சாபம் போல எண்ணிக் கலங்கியதுண்டு. நான்கில் ஒரு வீட்டில் முதல் இரண்டும் பெண், எட்டில் ஒரு வீட்டில் முதல் மூன்றும் பெண் என்று பள்ளியில் கற்ற கெழுவை அந்த வேளையில் யாரும் நினைவுபடுத்தவில்லை. பரீட்சை முடிந்ததும் அதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மூன்று பெண் மக்களைப் பெற்ற அத்தா ஒருவர் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த மூவரையும் அருகில் அழைத்து, ஜமக்காளத்தை விரித்துப் போட்டு, கீழே உள்ள கணக்கைக் கொடுங்கள்.

ஏழு பட்டைகள் கொண்ட ஜமக்காளம். நான்கு பட்டைகள் சிவப்பு, மூன்று பச்சை. எத்தனை விதமாக நெய்யலாம்? கோபுரத்தில் மேலே கொடுத்த கடைசி வரிசைக்குக் கீழே இன்னும் ஒரு வரிசை எழுதினால் 35 என்று விடை கிடைத்துவிடும். கேள்வி அதுவன்று. ஜமக்காளத்தைத் தலைகீழாகத் திருப்பியும் விரிக்கலாமே! திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே ஜமக்காளமாகக் கொண்டால், உண்மையில் வெவ்வேறானவை எத்தனை? 35-இல் பாதி என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். 35-க்குப் பாதி கிடையாது. விடையும் விளக்கமும் அடுத்த இதழில்.